கோயில் கண்ணுக்குத் தெரியாத உயரம்

நான் எழுதியதை வரி விடாமல் படித்த முதல் வாசகர், காவல் துறையின் உளவுப் பிரிவிலிருந்து வந்த ஓர் ஏட்டு. இருபது வருடமாகப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். வீட்டில் தலைப்பைப் படிப்பார்கள். நண்பர்கள் படம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கையில் பேனாவோடு உட்கார்ந்து படித்தவர் இவர் ஒருவர்தான்.

திருத்தணியில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு ஒருநாள் மதியம் வந்தார். கட்டம் போட்ட சட்டை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு பழுப்புக் கவர். செருப்பு போட்டிருந்தாரே தவிர நடை என்னவோ பூட்ஸ் போட்ட நடைதான். கவரிலிருந்து நான் எழுதிய மனுவின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். அங்கங்கே சிவப்புக் கோடு.

"இத எழுதினது நீங்கதானா சார்?"

"ஆங், நான்தான்." குரலில் கொஞ்சம் பெருமை கலந்துவிட்டது. அடக்கியிருக்கலாம்.

"இங்க ஒண்ணு போட்டிருக்கீங்க. 'மனிதன் ஆதிநாள் முதல் வானத்தை ஏக்கத்தோடு பார்த்து வந்திருக்கிறான்.' யாரு சார் அந்த மனிதன்?"

"அது பொதுவா சொன்னதுங்க."

"பேரு?"

"பேரெல்லாம் இல்ல."

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். 'பெயர் சொல்ல மறுக்கிறார்' என்று எழுதியிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

அந்த மனுவை நான் என் பாவாவுக்காக எழுதினேன். பாவா என்றால் அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டையில் எட்டு விசைத்தறி வைத்து லுங்கி ஓட்டுகிறார். வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதில் மற்றவர்கள் முழங்கால் வலிக்குத் தைலம் தேடுவார்கள். பாவா பாராமோட்டார் தேடினார். முதுகில் மாட்டிக்கொள்ளும் சின்ன இன்ஜின், அதன் பின்னால் கம்பிக் கூண்டுக்குள் சுற்றும் விசிறி, தலைக்கு மேல் விரிகிற துணி இறக்கை, அவ்வளவுதான் மொத்த விமானமும். ஓட வேண்டும், ஓடுகிற ஓட்டத்தில் தரை காலைவிட்டுப் போய்விடும் என்பார்.

தறிக்கு உதிரி பாகம் வாங்கப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு, மகாராஷ்டிரத்தில் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் பத்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது வீங்கிய கணுக்காலும், யாரோ பயன்படுத்திய ஒரு மெஷினும் கூட வந்தன. அக்கா கூண்டு விசிறியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது எந்த தறிக்கு?" என்று கேட்டாள். பாவா இறக்கைத் துணியைக் கட்டைவிரலால் தேய்த்து, "நெசவு நல்லா கீது" என்றார். அன்றிலிருந்து மெஷின் தறிக்கொட்டகை மூலையில் ஒரு பழைய லுங்கியைப் போர்த்திக்கொண்டு நின்றது.

பாவாவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். சொந்த ஊர் மண்ணிலிருந்து ஒரே ஒரு தடவை, முறையாக அனுமதி வாங்கிப் பறக்க வேண்டும். அதற்கும் நாள் குறைவாக இருந்தது. சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. உடல் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்ட டாக்டர், "பங்குனிக்கு அப்புறம் இதுக்காக எங்கிட்ட வராதீங்க, போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அனுமதி இல்லாமல் பறக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. விடியற்காலையில் ஏறி, யாராவது போன் செய்வதற்குள் இறங்கி, மெஷினை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பாவாவிடம் அதைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. "திருட்டுத்தனமா பறந்து, அந்த மலைய நான் எப்படிடா பாக்கறது?" என்றார். பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வரும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. அந்த ரோட்டில் போகிறவர்களுக்குக் கோயில் மலை முதன்முதலாகக் கண்ணில் படுவது அங்கேதான். அந்த இடத்தில் மொபெட்டை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் பாவா ஒருநாளும் தாண்டியதில்லை. மழை பெய்தாலும் சரி, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினாலும் சரி.

ஆகவே அனுமதி வேண்டும். இந்த நாட்டில் மனிதன் நடக்கலாம், ஓடலாம், லாரி மேல் உட்கார்ந்து போகலாம். தரையிலிருந்து கால் எடுத்தால் மட்டும் காரணம் சொல்ல வேண்டும். விமானத் துறை, உள்துறை, மாவட்ட நிர்வாகம், காவல் துறை, பக்கத்தில் வான்படைத் தளம் இருந்தால் அவர்கள் என்று ஒவ்வொருவரும் இன்னொருவரின் கடிதத்தைக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதுகில் இன்ஜின் கட்டிக்கொண்டு ஓர் ஆள் என் மொட்டை மாடிக்கு மேல் வந்தால், நானும் முதலில் கூப்பிடுவது போலீஸைத்தான்.

இந்தச் சமயத்தில் சங்கம் வந்து சேர்ந்தது. நாடு முழுக்க இலகு ரக வானூர்திக்காரர்களுக்காகப் போராடும் சங்கம் என்றார்கள், பாவா உடனே உறுப்பினரானார். அதன் தலைவர் சென்னையில் இருந்தார், போனில்தான் பேசுவார். சின்ன இயந்திரங்களுக்குப் புது விதிகளை வரைவாக வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று டெல்லியில் அறிவித்திருக்கிறார்கள், இந்த வாய்ப்பை விட்டால் இன்னொன்று எப்போது வருமோ என்றார். உறுப்பினர்கள் ஆளுக்கொரு மனு எழுத வேண்டும். கருத்தும் சொல்லலாம், கூடவே தன் அனுமதியையும் கேட்கலாம்.

அவர் அனுப்பிய மாதிரி மனுவை நான் இரண்டு தடவை படித்தேன். எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. விதி தளர வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு தளர்வும் சுற்றிச் சுற்றி வந்து ஒரே வாசலில் நின்றது. 'அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்.' விசாரித்தால், தலைவரே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். வேலியைப் பிரிக்கச் சொல்லிக் கூட்டம் கூட்டுகிறவர், பிரித்த இடத்தில் தன் கேட்டை மாட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. பாவாவிடம் சொன்னேன்.

"உனுக்கு யாரப் பாத்தாலும் சந்தேகம்டா. புக்கு ரொம்பப் படிச்சா அப்படித்தான்" என்றார்.

"அதான் நானே சொந்தமா எழுதறேன், பாவா."

எழுதுவதற்குத் தறிக்கொட்டகையில் உட்கார்ந்தோம். எட்டுத் தறியும் ஓடும் சத்தத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். ஆகவே எங்கள் ரகசிய மனு பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு பாவா ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொன்னார்.

"சாமி தலைக்கு மேல போவ மாட்டேன்னு எழுதிடு. கோபுரத்துக்கு மேல என் காலு போவக் கூடாது."

நான் அதை அப்படியே எழுதியிருக்கலாம். ஐந்து சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் எழுதுகிறவனுக்கு அப்படியே எழுதுவதென்றால் கை கூசும். அதிகாரிகளின் மனம் இளகட்டும் என்று, மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'மலைக்கோயில் உள்ள எங்கள் பகுதியில், கோயில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறப்பதை நாங்களே முன்வந்து தவிர்ப்போம், பக்தியின் வானம் பக்தர்களுக்கே உரியது.' கடைசித் துண்டை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்தேன். அவ்வளவு திருப்தி. மனு சங்கம் வழியாகவே டெல்லிக்குப் போனது.

அந்த மனுவைத்தான் ஏட்டு நூலகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். என்னிடம் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, மறுநாள் பேட்டைக்குப் போய் மெஷினைப் பார்த்தார். நானும் கூடப் போனேன். அக்கா அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, சமையல்கட்டு வாசலில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதாண்டா எல்லாத்துக்கும் காரணம். அவருக்கு எழுத வருமா? மனு போடத் தெரியுமா? ஊட்டுக்குப் போலீஸக் கூட்டிகினு வந்து நிக்க வெச்சுட்டியே."

"மஃப்டியிலதானக்கா வந்திருக்காரு."

"நடையப் பாத்தாலே தெர்ல? தெருவே ஜன்னல்ல நிக்குது."

ஏட்டு கொட்டகையில் இறக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எவ்ளோ தூரம் போலாம்?" என்று கேட்டார். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று பாவா உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"அப்போ காத்து வடக்க அடிச்சா? நகரிப் பக்கம் போயிட்டீங்கன்னா நான் ரிப்போர்ட்ட தெலுங்குலயா எழுதறது?"

"எனுக்குத் தெலுங்கு வருங்க. நானே பேசி வந்துடுவேன்" என்றார் பாவா. எல்லை தாண்டத் திட்டம் இருப்பதாக ஏட்டு குறித்துக்கொள்வாரோ என்று அவர் பேனாவையே பார்த்தேன். ஆனால் போகும்போது ஏட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, மூன்றாம் பக்கத்து வரியை விரலால் தட்டினார்.

"இந்த ஒரு வரி இருக்கறதாலதான் சார் எனக்குத் தூக்கம் வரும். இது இல்லாட்டி நான் 'பரிந்துரைக்க இயலாது'ன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்."

வாழ்நாளில் என் நடையை யாரும் அவ்வளவு பாராட்டியதில்லை.

தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், அனுமதிக் கடிதம் வந்தது. பாவா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, வந்து படித்துச் சொல்லச் சொல்லி எனக்குப் போன் செய்தார். ஒரே ஒரு நாள், காலை நேரம் மட்டும், காவல் துறைப் பிரதிநிதி முன்னிலையில். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான்காவது நிபந்தனையை மட்டும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். மலைக்கோயில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறக்கக் கூடாது, மீறினால் அனுமதி ரத்து, மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

பாவா பறப்பதாக இருந்தது பேட்டை ஏரியின் காய்ந்த பரப்பில். அங்கே நின்றால் மலை கண்ணாடி மாட்டினதுபோலத் தெரியும். அதற்காகத்தான் அந்த இடத்தையே பிடித்து வைத்திருந்தார். "என்னடா இது? நான் கோபுரத்துக்கு மேல போவ மாட்டேன்னுதானே சொன்னேன்? பாக்கவே கூடாதுன்னா?" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். சங்கத் தலைவர். தன் பள்ளியில் படிக்காதவன் எவனும் பறக்கக் கூடாது என்று உள்ளே புகுந்து இந்த நிபந்தனையைச் சேர்த்திருக்கிறார். உடனே போன் போட்டு, கட்டுரையில் எழுதினால் நன்றாக இருந்திருக்கும் வாக்கியங்களாகப் பேசினேன். பொதுநலம், சுயநலம், போராட்டம், வியாபாரம் எல்லாம் வந்தன. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முடிச்சிட்டீங்களா சார்? வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பறேன், பாருங்க. உண்மையச் சொல்லணும்னா நல்ல வரி. மத்த மெம்பர்களுக்கும் மாதிரியா அனுப்பலாம்னு வெச்சிருந்தேன்."

வந்தது என் மனுவின் மூன்றாம் பக்கம். அதிகாரிகள் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. பக்தியின் வானத்தை மட்டும் வெட்டிவிட்டு, மீதியை அப்படியே நிபந்தனை ஆக்கியிருந்தார்கள். விதி எழுதுகிறவர்கள் மக்களின் குரலைக் கேட்பதில்லை என்று பல கட்டுரைகளில் கிண்டல் செய்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள், அதுவும் என் குரலை.

பாவாவிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் சொன்னத எழுதுன்னா, நீ எழுதறத நான் சொன்னேன்னு ஆக்கிட்ட" என்றார். பிறகு மொபெட்டை ஸ்டார்ட் செய்து, "ஏறு, கோயில் தெரியாத எடம் தேடலாம்" என்றார்.

மூன்று நாள் தேடினோம். முதலில் கனகம்மாசத்திரம் பக்கம் போனோம். நல்ல வெட்டவெளி, ஆனால் ஏதாவது ஒரு மூலையில் மலை எட்டிப் பார்த்தது. பிறகு பள்ளிப்பட்டு ரோட்டில் ஒவ்வொரு காடாக இறங்கி, நான்கு பக்கமும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து கோயில் தெரிகிறதா என்று ஆசையாகப் பார்த்த ஊரில், தெரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது பாவ காரியம் செய்வதுபோல இருந்தது. வேர்க்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, களைக்கொத்தோடு வரப்புக்கு வந்தாள்.

"எந்த ரோட்டுக்குய்யா அளக்கறீங்க?"

"ரோடு இல்லம்மா. பறக்கறதுக்கு எடம் பாக்கறோம்."

"ஏர்போர்ட்டா?" என்றவள் பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏ, இங்க வாங்கடி, ஏர்போர்ட்டுக்கு அளக்க வந்துக்கீறானுங்க!"

நான்கைந்து களைக்கொத்துகள் நிமிர்ந்தன. இறக்கை, விசிறி, ஒரே ஆள், ஒரே நாள் என்று நான் விளக்க விளக்க, அவர்கள் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. நிலம் எடுக்க வந்தவன் எவன்தான் நிலம் எடுக்க வந்தேன் என்று சொன்னான்? வண்டி நம்பரை ஒருத்தி போனில் படம் எடுத்தாள். நாங்கள் கிளம்பினோம் என்பதைவிட அனுப்பப்பட்டோம் என்பதே சரி.

கடைசியில் கிடைத்தது, ஒரு பாறைக் குன்றுக்குப் பின்னால் அறுவடை முடிந்த நெல்வயல். பாவாவின் தறிக்கு நூல் சுற்றுகிறவருடைய சொந்தக்காரர் வயல். தரையில் நின்றால் குன்று மறைத்துவிடும், கோயில் தெரியாது. பாவா பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்த உசரத்துல தெரியல. ரெண்டு பனைமரம் உசரம் போனா தெரியும்."

"அப்போ?"

"ரெண்டு பனைமரத்துக்குக் கீழ பறக்கறது." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அந்த நாள் மாசி முதல் வாரத்தில் வந்தது. விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வயலில் இருந்தோம். காற்றுப் பார்க்க ஒரு மூங்கிலில் லுங்கித் துண்டு கட்டியிருந்தார் பாவா. அவர் தறியில் ஓடியதுதான். ஏட்டு பைக்கில் வந்து, கடிதத்தையும் மருத்துவச் சான்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, நான்கு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்.

"கோயில் தெரியல" என்று நோட்டில் எழுதினார். எனக்குப் பாதி பயம் குறைந்தது. மீதி பாதி இன்ஜின் சத்தம் கேட்டதும் திரும்பி வந்தது. கொட்டகையில் ஒரு தறி மட்டும் கோபம் வந்து ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். அக்கா வர மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஆனால் மெஷின் வந்த குட்டியானை வண்டியின் முன் சீட்டில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாவா ஓடினார். சர்க்கரை நோயாளி ஓடுவதுபோல ஓடினார். அறுத்த நெல்லின் தாள்கட்டையில் ஒரு தடவை கால் தடுக்கியது, நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் கால் தரையில் இல்லை. வரப்பு உயரம். தொட்டி உயரம். ஒரு பனை. குன்றை ஒட்டி ஒரு வட்டம் போட்டார். இரண்டு பனை என்று நான் மனதுக்குள் எண்ணிய இடத்தில் அவர் நிற்கவில்லை. மூன்று, நான்கு. அதற்குமேல் பனைமரத்தால் அளக்க முடியவில்லை. தெற்கே, கோயில் இருக்கும் திசையில், இறக்கை ஒரு கணம் அசையாமல் நின்ற மாதிரி எனக்குப் பட்டது. பிறகு திரும்பியது.

ஏட்டும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"சார், நான் தரையில நிக்கறேன். எனக்குத் தெரியறததான் ரிப்போர்ட்ல போட முடியும். அவருக்கு அங்க என்ன தெரிஞ்சுதுன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. நீங்க எழுதறவரு."

பாவா இறங்கினார். இரண்டடி ஓடி, மண்டியிட்டு, பிறகு எழுந்தார். முகம் முழுக்கத் தண்ணீர். காற்று பட்டால் கண்ணில் நீர் வரும் என்று அவரே பிறகு சொன்னார். அக்கா வண்டியிலிருந்து இறங்கி வந்து அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள்.

ஏட்டு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார். கேட்டால் பாவா பொய் சொல்ல மாட்டார், அதுவும் அந்தச் சாமி விஷயத்தில். உண்மையைச் சொன்னால் நோட்டில் ஏறும். முறையாகப் பறந்தேன் என்று அவர் காலமெல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டிய அந்த ஒரே காலை, மீறல் என்று முடிந்துவிடும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்லுவதற்கு என்னிடம் அழகான வாக்கியம் எதுவும் இல்லை.

"பாவா, தண்ணி குடிக்கறியா?" என்றேன்.

ஏட்டு எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டினார். 'ஏறினார். இறங்கினார். ஆட்சேபணை இல்லை.' நான் இதுவரை படித்த உரைநடையில் அதைவிடச் சுத்தமானது இல்லை.

மெஷினும் அக்காவும் குட்டியானையில் பேட்டைக்குப் போனார்கள். பாவா என்னை மொபெட்டில் திருத்தணியில் விடக் கிளம்பினார். ஏட்டின் பைக் கண்ணிலிருந்து மறைந்ததும் பின்னாலிருந்து கேட்டேன்.

"பாவா, தெரிஞ்சுதா?"

"என்ன?"

"கோயில்."

"உங்கிட்ட சொன்னா எழுதுவ."

"எழுத மாட்டேன்."

"நீயா?" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினார்.

பேட்டை தாண்டி அந்த வளைவு வந்தது. மலை தெரிந்தது, காலை வெயிலில் கோபுரத்தோடு. நான் பழக்கத்தில், வண்டி நிற்கப்போகிறதென்று காலைத் தரைக்கு இறக்கினேன். பாவா நிறுத்தவில்லை. செருப்பைக் கழற்றவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டிலேயே பார்த்துப் பேசிவிட்டு வந்த ஆளைத் தெருவில் மறுபடி பார்த்தால் தலையை மட்டும் அசைப்போமே, அப்படி ஒரு தடவை அசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.